பதில் எழுதும் பழக்கம்: அறிவியல் புனைவு ரசிகர் வரலாற்றிலிருந்து எங்கள் குழு எடுத்துக்கொண்டவை

அறிவியல் புனைவு வாசிக்கும் சிறு குழு ஒன்றில் நான் பல ஆண்டுகளாக இருந்து வருகிறேன். குழுவின் பதிவேடுகளும் பழைய இதழ்களும் என் பொறுப்பில் இருக்கின்றன. அதனால், இத்துறையின் ரசிகர்கள் 1930-களிலிருந்து தாங்களே தட்டச்சு செய்து, தாங்களே பிரதியெடுத்து, தங்களுக்குள் அனுப்பிக்கொண்ட இதழ்களைத் தொடர்ந்து படிக்கும் வாய்ப்பும் எனக்குக் கிடைத்தது. ஒரு குழு எதனால் பல பத்தாண்டுகள் நிற்கிறது, இன்னொன்று எதனால் ஆரம்பித்த வேகத்திலேயே கலைகிறது என்ற கேள்விக்கு அந்த இதழ்களில் விடை இருப்பதாகவே நினைக்கிறேன். கதைகளின் மீதுள்ள ஆர்வம் ஆட்களைக் கொண்டுவந்து சேர்த்துவிடும். எழுதினால் யாரேனும் ஒருவர் படித்துப் பதில் எழுதுவார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் அவர்கள் தங்குவார்கள். எங்கள் குழுவின் நடைமுறைகளில் பெரும்பாலானவற்றை இந்த ஒரு கருத்தை வைத்தே அமைத்தோம்.

இந்தச் சமூகம் தொடங்கியதே கடிதப் பகுதியில்தான். அமெரிக்காவில் ஹ்யூகோ கெர்ன்ஸ்பேக் என்ற பதிப்பாளர் 1926 ஏப்ரலில் ‘அமேசிங் ஸ்டோரீஸ்’ என்ற அறிவியல் புனைவு இதழைத் தொடங்கினார். அதன் வாசகர் கடிதப் பகுதியில் எழுதியவரின் பெயரோடு முழு முகவரியும் அச்சிடப்பட்டது. ஆசிரியருக்கு எழுதிய வாசகர்கள் அந்த முகவரிகளைக் கண்டு ஒருவருக்கொருவர் எழுதத் தொடங்கினார்கள். கடிதத் தொடர்பு கழகமானது. கழகம் தனக்கென ஓர் இதழை விரும்பியது. 1930 மே மாதத்தில் ரேமண்ட் பால்மர் ஆசிரியராக இருந்து வெளியிட்ட ‘தி காமெட்’ இதழைத்தான் முதல் அறிவியல் புனைவு ரசிகர் இதழாகப் பெரும்பாலோர் கருதுகிறார்கள். 1934-இல் கெர்ன்ஸ்பேக் தம்முடைய ‘வொண்டர் ஸ்டோரீஸ்’ இதழின் வழியே ‘சயன்ஸ் ஃபிக்‌ஷன் லீக்’ என்ற அமைப்பை அறிவித்து, ஊருக்கு ஊர் கிளைகளைத் தொடங்க ஊக்குவித்தார். விற்பனையை மனத்தில் வைத்துத் தொடங்கப்பட்ட அமைப்புதான் அது. ஆனாலும் அதன் கிளைகளுள் ஒன்றான லாஸ் ஏஞ்சலிஸ் கிளை, தாய் அமைப்பு மறைந்த பின்னும் தனிச் சங்கமாக நின்று, வியாழக்கிழமைதோறும் கூடி, 1973-இல் தனக்கென ஒரு கட்டடத்தையும் வாங்கியது. ஆண்டுக்கொரு விழா நடத்திவிட்டு ஓய்ந்துவிடும் குழுக்களைக் காட்டிலும், கிழமை மாறாமல் கூடும் குழுவுக்கு ஆயுள் அதிகம் என்று நான் நம்புவதற்கு இந்தச் சங்கம் ஒரு காரணம். நாங்களும் கூடும் கிழமையை மாற்றுவதில்லை. வருபவர் எண்ணிக்கை குறைந்தாலும் அன்றைய கூட்டத்தை நடத்திவிட்டுத்தான் எழுந்திருப்போம்.

பழைய ரசிகர் இதழ்களைக் கையில் எடுத்துப் பார்க்காதவர்களுக்கு அவற்றின் பின்னால் இருந்த உடலுழைப்பு எளிதில் புலப்படாது. மெழுகு பூசிய ஸ்டென்சில் தாளைத் தட்டச்சுப் பொறியில் செருகி, மை நாடாவை ஒதுக்கிவிட்டு, எழுத்தச்சு நேரடியாகத் தாளில் விழும்படி அடிக்க வேண்டும். விரல் சற்று ஓங்கி விழுந்தால் ஓ, ஈ போன்ற ஆங்கில எழுத்துகளின் நடுப்பகுதி அறுந்து விழுந்துவிடும். பிரதியில் அந்த இடத்தில் கறுப்புப் பொட்டு மட்டும் தெரியும். பிழை நேர்ந்தால் திருத்தத் திரவத்தைத் தடவி, காய்ந்ததும் மேலே மறுபடி அடிப்பார்கள். அதன்பின் சைக்ளோஸ்டைல் இயந்திரத்தில் ஸ்டென்சிலை மாட்டிப் பக்கம் பக்கமாகச் சுற்றி எடுத்து, ஈர மை அடுத்த தாளில் ஒட்டாமல் இருக்க இடையிடையே வெற்றுத் தாள் செருகி, மேசையைச் சுற்றி நடந்து நடந்து பக்கங்களை அடுக்கி, கம்பி ஊசி (ஸ்டேப்பிள்) குத்தி, முகவரி எழுதி அனுப்புவார்கள். இதைவிட எளிய முறை ஹெக்டோகிராஃப். ஜெலட்டின் பரப்பில் ஊதா மையைப் படியவைத்து அதிலிருந்து தாளில் ஒற்றி எடுப்பது அது. ஐம்பது பிரதிகளை நெருங்கும்போதே எழுத்து மங்கிவிடும். இத்தனை பாடுபட்டு எடுத்த இதழைப் பெரும்பாலோர் விற்பனைக்காக நடத்தவில்லை. இதழைப் படித்துக் கருத்துக் கடிதம் எழுதியவருக்கும், கட்டுரையோ ஓவியமோ அனுப்பியவருக்கும், தம்முடைய இதழை மாற்றாகத் தந்தவருக்கும் அடுத்த இதழ் இலவசமாகவே போய்ச் சேர்ந்தது. காசு கொடுத்து வாங்குபவரைவிடக் கடிதம் எழுதுபவரே அந்த உலகில் மதிக்கப்பட்டார்.

அப்படி மதிக்கப்பட்டவர்களுள் என் மனத்தில் முதலிடம் ஹேரி வார்னருக்குத்தான். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஹேகர்ஸ்டவுன் என்ற ஊரில் செய்தித்தாள் பணியில் இருந்தவர். ரசிகர் மாநாடுகளுக்கு அரிதாகவே போனவர். ஆனாலும் தம் வீட்டுக்கு வந்து சேர்ந்த ரசிகர் இதழ்களுக்கெல்லாம், தலைமுறைகள் மாறியும், கருத்துக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தார். முதல் இதழை அச்சமும் ஆசையுமாக வெளியிட்ட இளைஞர்கள் பலருக்கு அவருடைய கடிதமே முதல் வரவேற்பு. அறிவியல் புனைவுத் துறையில் ஆண்டுதோறும் வழங்கப்படும் ஹ்யூகோ விருதுகளுள் சிறந்த ரசிகர் எழுத்தாளருக்கானதை 1969-லும் 1972-லும் அவருக்கு அளித்தார்கள். ஒரு சமூகத்தின் நடுவில் இருப்பதற்கு மேடையில் ஏற வேண்டியதில்லை என்பதை இவருடைய வாழ்க்கையைவிடத் தெளிவாகக் காட்டும் வேறொன்றை நான் கண்டதில்லை.

இதை எங்கள் குழுவில் ஒரு கடமையாகவே ஆக்கினோம். புதிதாக ஒருவர் கட்டுரையோ கதையோ அனுப்பினால், அதைப் படித்துப் பதில் எழுதும் பொறுப்பு ஓர் உறுப்பினருக்குப் பெயர் சொல்லி ஒப்படைக்கப்படுகிறது. “நன்றாக இருந்தது” என்று மட்டும் எழுதினால் அதைப் பதிலாக நாங்கள் ஏற்பதில்லை. எந்த இடம் பிடித்தது, எங்கே ஐயம் எழுந்தது, இதே கருத்தை வேறு யார் எப்படிக் கையாண்டிருக்கிறார்கள் என்று மூன்றையும் தொட்டு எழுதச் சொல்கிறோம். பதில் கிடைத்தவர்களில் பெரும்பாலோர் அடுத்த படைப்போடு திரும்பி வருவதைப் பார்த்து வருகிறேன். பொதுவாக எல்லாரும் படிப்பார்கள், யாராவது பதில் எழுதட்டும் என்று விட்டுவிட்டால் ஒருவரும் எழுதுவதில்லை. ஆகவே புதிதாகக் குழு தொடங்குபவர்கள் பெயர் சொல்லி ஒப்படைக்கும் இந்த வழக்கத்தை முதல் நாளிலிருந்தே கடைப்பிடிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இதோடு இணைந்தது, 1937-இல் டொனால்ட் வால்ஹைம் தொடங்கிய ‘ஃபேண்டசி அமெச்சூர் பிரஸ் அசோசியேஷன்’ என்ற இதழ்ப் பரிமாற்றச் சங்கம். அதன் அமைப்பு எளிமையானது. ஒவ்வோர் உறுப்பினரும் தம் இதழைத் தாமே தயாரித்து, மொத்த உறுப்பினர் எண்ணிக்கைக்கு வேண்டிய பிரதிகளைச் சங்கத்தின் பதிப்பாளருக்கு அனுப்புவார். அவர் எல்லா இதழ்களையும் சேர்த்துக் கட்டி, மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டாக அனுப்பிவைப்பார். உறுப்பினர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருந்தது. வெளியே காத்திருப்போர் பட்டியலும் இருந்தது. குறைந்த அளவு பக்கங்களை எழுதாதவர் இடத்தை இழப்பார். சென்ற கட்டில் வந்தவற்றைப் பற்றி ஒவ்வொருவரும் தம் அடுத்த இதழில் கருத்துரைப்பதால், அது வெறும் வெளியீடாக இல்லாமல், மூன்று மாத இடைவெளியில் நடக்கும் உரையாடலாகவே இருந்தது. ஹேரி வார்னர் தம்முடைய இதழை இந்தச் சங்கத்தின் வழியே பல பத்தாண்டுகள் அனுப்பிக்கொண்டிருந்தார்.

நாங்கள் இந்த முறையைச் சிறிய அளவில் பின்பற்றுகிறோம். குழுவில் எழுத முன்வந்தவர்கள் தத்தம் பக்கங்களைக் குறித்த நாளுக்குள் தொகுப்பாளரிடம் தருவார்கள். தொகுப்பாளர் எதையும் வெட்டுவதோ திருத்துவதோ இல்லை. முன் தொகுப்பில் எழுதியவர்களுள் குறைந்தது இருவருக்கேனும் கருத்துரைக்க வேண்டும் என்பது மட்டுமே விதி. இரு தொகுப்புகளுக்கு இடையிலுள்ள இடைவெளிதான் இதன் சிறப்பு என்று எனக்குத் தோன்றுகிறது. உடனுக்குடன் பேசிக்கொள்ளும் இடங்களில் ஒருவருடைய கோபம் மற்றவருடைய கோபத்தைத் தூண்டிவிட, பேசவந்த கதை மறந்தே போகிறது. பல வாரங்கள் கழித்துப் பதில் எழுதுபவர் அந்தக் கதையை மறுபடி எடுத்துப் படித்துவிட்டே எழுதுகிறார். தொகுப்பாளர் பொறுப்பைச் சுற்றுமுறையில் மாற்றுவதும் முக்கியம். ஒருவரே தொடர்ந்து சுமந்தால், அவர் களைத்துப்போகும் நாளில் தொகுப்பும் நின்றுபோகும்.

கடிதத்தில் பழகியவர்கள் நேரில் கூடியபோது வேறு விதச் சிக்கல்கள் எழுந்தன. 1936 அக்டோபரில் நியூயார்க் ரசிகர்கள் சிலர் ஃபிலடெல்ஃபியாவுக்குச் சென்று அங்குள்ளவர்களைச் சந்தித்ததையும், 1937 ஜனவரி 3 அன்று இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் முன்கூட்டியே அறிவித்து நடத்தப்பட்ட மாநாட்டையும் ஒப்பிட்டு, எது முதல் மாநாடு என்று இரு தரப்பும் இன்றுவரை வாதிடுகின்றன. லீட்ஸ் கூட்டத்துக்கு வந்தவர்களுள் பின்னாளில் எழுத்தாளராகப் புகழ்பெற்ற, அன்று இளைஞரான ஆர்தர் சி. கிளார்க்கும் ஒருவர். முதல் உலக அறிவியல் புனைவு மாநாடு 1939 ஜூலையில் நியூயார்க்கில் நடந்தது. ஏறத்தாழ 200 பேர் வந்தார்கள். ஓவியர் ஃபிராங்க் ஆர். பால் சிறப்பு விருந்தினர். அந்த மாநாட்டின் வாசலில் நடந்ததைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனெனில் குழு நடத்தும் எவரும் படித்தே ஆக வேண்டிய நிகழ்ச்சி அது.

மாநாட்டை நடத்தியவர்களுக்கும் ‘ஃப்யூச்சரியன்ஸ்’ என்ற நியூயார்க் குழுவுக்கும் நெடுநாளாகப் பகை இருந்தது. அதில் பாதி அரசியல், பாதி சொந்தப் பூசல். மாநாட்டாளர்கள் சர்வாதிகாரமாக நடந்துகொள்கிறார்கள் என்று எச்சரிக்கும் துண்டுப் பிரசுரங்கள் அரங்கில் கண்டெடுக்கப்பட்டன. கலகம் செய்யமாட்டோம் என்று உறுதி கூறினால்தான் உள்ளே விடுவோம் என்று சாம் மாஸ்கோவிட்ஸ் உள்ளிட்ட அமைப்பாளர்கள் கூற, ஆறு பேர் மறுத்துத் திருப்பி அனுப்பப்பட்டார்கள்: டொனால்ட் வால்ஹைம், ஃப்ரெடரிக் போல், சிரில் கார்ன்ப்ளத், ராபர்ட் லவுண்டஸ், ஜான் மிஷெல், ஜேக் கில்லெஸ்பி. ஆனால் பிரசுரத்தை எழுதிய டேவிட் கைல் உள்ளேதான் இருந்தார். ஃப்யூச்சரியன்ஸ் வட்டத்தைச் சேர்ந்த ஐசக் அசிமோவும் தடையின்றி உள்ளே போனார். தடுக்கப்பட்டவர்களுள் வால்ஹைம் பின்னாளில் தம் பெயரில் ஒரு பதிப்பகத்தையே நிறுவினார். போல் தாம் ஆசிரியராக இருந்த இதழுக்கு ஹ்யூகோ விருதுகள் பெற்றார். 2010-இல், தொண்ணூறு வயதில், சிறந்த ரசிகர் எழுத்தாளருக்கான ஹ்யூகோவும் அவருக்கே கிடைத்தது. கைல் 1956-இல் நியூயார்க்கில் நடந்த உலக மாநாட்டின் தலைவரானார்.

பழைய இதழ்களில் இந்தப் பூசலைப் பற்றி இரு தரப்பும் எழுதியவற்றைப் படித்தபோது ஒன்று எனக்கு உறுத்தியது. யாரை, எந்தக் காரணத்துக்காக, யார் தடுக்கலாம் என்று அந்த நாளுக்கு முன்பே எழுதி வைக்கப்பட்ட விதி ஏதும் அங்கே இல்லை. வாசலில் நின்றவரின் கணிப்பே தீர்ப்பானது. ஒரு குழுவுக்கு ஆட்களை விலக்கும் அதிகாரம் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. பிற்கால மாநாடுகளில் தொல்லை கொடுத்தவர்களைக் கண்டும் காணாமல் விட்டதால் பெண்களும் புதியவர்களும் ஓசையின்றி விலகிப்போன வரலாறும் இந்தச் சமூகத்துக்கு உண்டு; நடத்தை விதிகளை மாநாடுகள் எழுதி வெளியிடத் தொடங்கியது அதன் பிறகுதான். ஆகவே எங்கள் விதியில் இரண்டையும் பிரித்தே எழுதியிருக்கிறோம். ஒருவர் என்ன கருத்துக் கொண்டிருக்கிறார், அமைப்பாளர்களை எப்படி விமர்சிக்கிறார் என்பது விலக்கக் காரணமாகாது. இன்னோர் உறுப்பினரை அச்சுறுத்துவதும், தொல்லை கொடுப்பதும், சொந்தத் தகவல்களை வெளியிடுவதும் காரணமாகும். புகாரைப் பெறுபவர் ஒருவர், முடிவெடுப்பவர்கள் வேறு மூவர். புகாருக்கு உள்ளானவரோடு நெருங்கிய நட்போ பகையோ உள்ளவர் அந்த மூவரில் இருக்கக்கூடாது. முடிவு எழுத்தில் தரப்படும். இந்த விதியைச் சச்சரவு எதுவும் இல்லாத அமைதியான காலத்தில் எழுதிக்கொள்வது நல்லது. சச்சரவு முளைத்த பின் எழுதும் விதியை எந்தத் தரப்பும் நம்பாது.

பெயர்களைப் பதிவதில் காட்டும் அக்கறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1939 மாநாட்டுக்கு எதிர்கால மனிதரின் உடையணிந்து வந்தவர் என்று ஃபாரஸ்ட் ஆக்கர்மன் என்ற ரசிகரின் பெயர் பல இடங்களில் முன்னிறுத்தப்படுகிறது. அந்த உடையை வடிவமைத்துத் தைத்தவரும், தாமும் அப்படியே உடுத்தி உடன் வந்தவருமான மிர்ட்டில் ஜோன்ஸின் பெயர் வெகுகாலம் பின்னுக்குத் தள்ளப்பட்டிருந்தது. ‘மொரோஜோ’ என்ற பெயரில் ரசிகர் இதழ்களில் உழைத்தவர் அவர். ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்காக 1967-இல் வெளிவந்த முதல் ரசிகர் இதழான ‘ஸ்பாக்கனேலியா’வைத் தொகுத்தவர்கள் இரு பெண்கள். அந்தத் தொடர் நிறுத்தப்படும் என்ற செய்தி பரவியபோது தொலைக்காட்சி நிறுவனத்துக்குக் கடிதம் எழுதும் இயக்கத்தை முன்னின்று நடத்தியவர்கள் பிஜோ டிரிம்பிளும் அவர் கணவர் ஜானும். ஒரே வாசகத்தைப் படியெடுத்து அனுப்பாமல் ஒவ்வொருவரும் தம் சொந்தச் சொற்களில், மரியாதையோடு எழுத வேண்டும் என்று அவர்கள் வழிகாட்டினார்கள். 1968 மார்ச் 1 அன்று தொடர் நீடிக்கும் என்று திரையிலேயே அறிவிக்கப்பட்டது. 1972 ஜனவரியில் அதே தொடருக்காக நியூயார்க்கில் ஒரு மாநாடு நடந்தபோது, சில நூறு பேரை எதிர்பார்த்த அமைப்பாளர்கள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை எதிர்கொண்டார்கள்.

அந்தக் கடித இயக்கத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. நிறுவனம் சொன்ன கணக்கு ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். ரசிகர்கள் சொல்லிச் சொல்லி அது பத்து லட்சமாகவே வளர்ந்துவிட்டது. ரசிகர் வரலாற்றில் நினைவிலிருந்து சொல்லப்படும் எண்கள் இப்படித்தான் பெருகும். அதனால் எங்கள் நிகழ்ச்சிக் குறிப்பேட்டில் வந்தவர் எண்ணிக்கையை அன்றைய தினமே எழுதுகிறோம். எண்ணியவர் யார், அரங்கினுள் எண்ணினாரா பதிவுப் பட்டியலிலிருந்து எடுத்தாரா என்பதையும் சேர்த்துக் குறிக்கிறோம். பேசியவர் பெயரோடு நாற்காலி போட்டவர், பதிவு மேசையில் இருந்தவர், ஒலிப்பெருக்கியைக் கவனித்தவர் பெயர்களும் அதில் இடம்பெறும். இதைச் செய்யச் சில நிமிடங்களே ஆகும். பின்னால் தேடினால் எத்தனை நாள் செலவிட்டாலும் கிடைக்காது.

பணத்தைப் பொறுத்தவரை இந்தச் சமூகம் கண்டுபிடித்தவற்றுள் மிகச் சிறந்தது அட்லாண்டிக் கடந்த ரசிகர் நிதி. வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்டில் இருந்துகொண்டு அருமையான இதழ்களை நடத்திய வால்ட் வில்லிஸை 1952-இல் சிகாகோ உலக மாநாட்டுக்கு அழைத்துவர அமெரிக்க ரசிகர்கள் சிறுகச் சிறுகப் பணம் திரட்டினார்கள். அந்த வெற்றியைத் தொடர்ந்து 1953-இல் நிலையான நிதி ஒன்று உருவானது. வட அமெரிக்க ரசிகர் ஒருவர் ஐரோப்பிய மாநாட்டுக்கும், ஐரோப்பிய ரசிகர் ஒருவர் வட அமெரிக்க மாநாட்டுக்கும் மாறி மாறி அனுப்பப்படுகிறார்கள். யார் போவது என்பதை, சிறு நன்கொடையோடு வாக்களிக்கும் ரசிகர்களே தீர்மானிக்கிறார்கள். என்னைக் கவர்ந்தது இதற்குப் பிறகு வரும் ஏற்பாடுதான். பயணம் போய்வந்தவரே தம் பகுதியில் நிதியின் அடுத்த நிர்வாகியாகிறார். தம் பயணத்தை எழுதி, அந்த நூலை விற்று வரும் பணத்தை நிதிக்கே சேர்ப்பார் என்ற எதிர்பார்ப்பும் உண்டு. உதவி பெற்றவரே அடுத்தவருக்கு உதவும் வேலையை ஏற்பதால், தனி அலுவலகமோ ஊதியமோ இன்றி அந்த நிதி இத்தனை காலம் நடக்கிறது.

எங்கள் சிறு நிதியையும் அவ்வாறே அமைத்தோம். வெளியூர் நிகழ்ச்சிக்குக் குழுவின் உதவியோடு போய்வருபவர் திரும்பியதும் ஒரு கட்டுரை எழுதித் தருவார். அடுத்தவர் தேர்ந்தெடுக்கப்படும் வரை கணக்கையும் அவரே பார்ப்பார். கணக்குப் புத்தகத்தை உறுப்பினர் யார் கேட்டாலும் காட்ட வேண்டும். தொகை சிறிதாக இருக்கும்போதே இந்தப் பழக்கத்தை ஏற்படுத்திவிட வேண்டும்.

ஆங்கிலம் பேசும் நாடுகளோடு இந்த வரலாறு முடிந்துவிடவில்லை. ஜப்பானில் ஷிபானோ தகுமி 1957-இல் தொடங்கிய ‘உச்சூஜின்’ என்ற ரசிகர் இதழிலிருந்து ஒரு தலைமுறை எழுத்தாளர்களே வெளிவந்தார்கள். 1962-இல் அங்கு முதல் தேசிய மாநாடு நடந்தது. கல்கத்தாவில் 1963-இல் அத்ரீஷ் பர்தன் வங்க மொழியில் அறிவியல் புனைவுக்கென ‘ஆஷ்சர்ஜோ’ இதழைத் தொடங்கினார். 1966-இல் சத்யஜித் ராய் தலைவராக இருக்க, அறிவியல் புனைவுத் திரைப்படங்களுக்கென ஒரு சங்கமும் அங்கே அமைந்தது. சீனாவின் செங்டு நகரில் 1979-இல் தொடங்கிய இதழ் ஒன்றைச் சுற்றி வளர்ந்த வாசகர் கூட்டம், 2023-இல் உலக மாநாட்டையே அந்நகருக்குக் கொண்டுவந்தது. எந்த மொழியிலும் முதலில் வருவது ஓர் இதழும் அதற்குக் கடிதம் எழுதும் வாசகர்களும்தான் என்பதை இவற்றில் பார்க்கலாம்.

இனி, பாதுகாப்பதைப் பற்றி. ரசிகர்கள் எழுதியவை அழிந்துபோவதற்குத் தாளின் முதுமை ஒரு காரணம். இணையத்தில் பிறருடைய இடத்தில் குடியிருப்பது இன்னொரு காரணம். இலவசமாக இடம் தந்த நிறுவனங்கள் 2009-லும் 2019-லும் தங்கள் சேவைகளை மூடியபோது, ரசிகர்கள் பல ஆண்டுகளாக எழுதிக் குவித்த பக்கங்கள் பெருமளவில் மறைந்தன. 2007-இல் ரசிகர்களே கூடி ஒரு லாப நோக்கற்ற அமைப்பை நிறுவி, தங்களுக்குச் சொந்தமான சர்வர்களில் ‘ஆர்க்கைவ் ஆஃப் அவர் ஓன்’ என்ற ரசிகர் படைப்புகளுக்கான இணைய ஆவணகத்தை நடத்துவதற்கு இத்தகைய இழப்புகளைப் பற்றிய அச்சமும் ஒரு காரணம். அது 2019-இல் ஹ்யூகோ விருதும் பெற்றது. ஒரு சிறு குழுவால் சர்வர் வாங்க முடியாமல் போகலாம். ஆனால் எங்கே எழுதினாலும் அதன் பிரதி ஒன்று தங்கள் கையிலும் இருக்கும்படி செய்வது எந்தக் குழுவாலும் முடியும்.

தாள் இதழ்கள் கையில் கிடைத்தால் நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். துருப்பிடித்த கம்பி ஊசியை அதற்கான கருவியால் இழுத்தால் தாள் கிழிந்துவிடும். இதழைக் கவிழ்த்து வைத்து, மெல்லிய தட்டைக் கத்தியால் ஊசியின் மடிந்த கால்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, பிறகு முன்புறமிருந்து தூக்க வேண்டும். பல இதழ்கள் அமிலம் மிகுந்த மலிவான தாளில் எடுக்கப்பட்டவை. மஞ்சளாகி, மடித்த இடத்தில் முறிந்துவிடும். அமிலமற்ற தாளுறையில் படுக்கை வசமாக வைத்தால் அந்தச் சேதம் மட்டுப்படும். ஹெக்டோகிராஃப் ஊதா மை வெளிச்சம் பட்டால் மங்கும்; அத்தகைய இதழ்களை வெளிச்சத்திலிருந்து விலக்கி வைத்து, அவற்றையே முதலில் ஸ்கேன் செய்கிறேன். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் மங்கிய ஊதா முழுவதும் மறைந்துவிடும் என்பதால் எப்போதும் வண்ணத்தில்தான் எடுக்க வேண்டும். வெற்றுப் பக்கங்களையும், அஞ்சல் முத்திரை பதிந்த பின்னட்டையையும் விடக்கூடாது. இதழில் தேதி அச்சாகாதபோது அந்த முத்திரைதான் காலத்தைச் சொல்லும்.

பழைய இதழ்களில் உறுப்பினர்களின் வீட்டு முகவரிகளும், சிலரைப் பற்றிய சொந்தச் செய்திகளும் தயக்கமின்றி அச்சிடப்பட்டிருக்கும். ஐம்பது பேருக்குள் சுற்றும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்டவை அவை. பொதுவில் வைப்பதற்கு முன், எழுதியவர் உயிரோடு இருந்தால் அவரிடம் அனுமதி கேட்கிறோம். முகவரிகளை மறைத்த பிரதியைத்தான் வெளியே தருகிறோம். மறைக்காத மூலம் எங்களிடம் இருக்கும். புனைபெயரில் எழுதியவரின் இயற்பெயர் எங்களுக்குத் தெரிந்திருந்தாலும், அவர் சம்மதமின்றி அட்டவணையில் சேர்ப்பதில்லை.

அட்டவணையைத் தள்ளிப்போடக் கூடாது. அட்டவணை இல்லாத பெட்டியைப் பெற்றவர் அதைக் குப்பை என்று எண்ணிவிடுவதற்கு வாய்ப்பு அதிகம். இதழின் பெயர், எண், தேதி, ஆசிரியர், பக்கங்கள், பிரதி எடுத்த முறை என்ற ஆறு விவரங்கள் போதும். அயோவா பல்கலைக்கழகம் ரஸ்டி ஹெவலின் என்ற ரசிகர் வாழ்நாளெல்லாம் சேர்த்த இதழ்களைப் பெற்று ஸ்கேன் செய்து, தன்னார்வலர்களைக் கொண்டு தட்டச்சு எழுத்தாகப் பெயர்க்கும் பணியையும் மேற்கொண்டது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் ரிவர்சைட் வளாகத்திலும் பெரும் தொகுப்பு ஒன்று இருக்கிறது. இத்தகைய இடங்களுக்குப் போய்ச் சேர்ந்தவை பிழைத்தன. வாரிசுகளுக்கு எதுவும் சொல்லாமல் வீட்டில் விட்டுச் சென்றவற்றில் பெரும்பகுதி பழைய தாள் விலைக்குப் போயின. எங்கள் உறுப்பினர்களிடம் நான் வற்புறுத்துவது, தம் சேகரிப்பு பிறகு யாரிடம் போக வேண்டும் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, அதன் ஒரு பிரதியை வீட்டாரிடமும் ஒன்றைக் குழுவிடமும் தந்துவிட வேண்டும் என்பதுதான். இதுவரை பாதிப் பேர் தந்திருக்கிறார்கள்; மற்றவர்களிடம் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.